பதினேழு வயதோடு நின்றுபோகும் பராமரிப்பு



பல் நோய்த் தடுப்பு பற்றிய இக்கருத்தரங்கு ஜோகூர் பாருவில் கூடுவது மிகவும் பொருத்தம். மலேசியாவில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் பணி 1957இல் இங்கேதான் தொடங்கியது. 1972இல் அமைச்சரவை அதை நாடு முழுமைக்குமான கொள்கையாக ஏற்றது. பிற்காலத்தில் பற்பசையிலும் ஃபுளோரைடு வந்துவிட்டதால், பிள்ளைகளின் பல்லில் திட்டு விழாதிருக்க, 2005இல் நீரில் அதன் அளவு பத்து லட்சத்துக்கு 0.7 பங்கிலிருந்து 0.5 பங்காகக் குறைக்கப்பட்டது.

இன்னொரு பெரிய பணி அதற்கும் முந்தியது. நியூசிலாந்து 1921இல் தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் முறையைப் பின்பற்றி, 1949இல் பினாங்கில் பயிற்சி ஆரம்பமானது. அங்கே பயின்ற பெண்கள் தமிழ்ப் பள்ளிகளுக்கும் வந்தார்கள். பல் மிஸ்ஸி வரும் நாளில் அழுதுகொண்டு வரிசையில் நின்றவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். பயமுறுத்தும் ஊசியோடு வந்தவர்களாக அன்று தெரிந்த அந்தப் பெண்களுக்கு நம் தலைமுறையின் பற்கள் கடன்பட்டிருக்கின்றன. 2017ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் 12 வயது மாணவர்களில் சொத்தைப் பல் உள்ளவர்கள் 33.3 விழுக்காட்டினரே.

ஆனால் பெரியவர்களின் கணக்கைப் பாருங்கள். 2010ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் பெரியவர்களில் 94 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு வகை ஈறு நோய் இருந்தது. ஃபுளோரைடு பல்லைக் காக்கும், ஈறைக் காக்காது. ஈறைக் காப்பது ஒன்றுதான்: அன்றாடம் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை அகற்றுவது. அகற்றாமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, சில நாள்களிலேயே காறையாக இறுகத் தொடங்கிவிடும். அதன்பின் எந்தத் தூரிகைக்கும் அது அசையாது. கருவியால் சுரண்டி, அதாவது ஸ்கேலிங் செய்தே எடுக்க வேண்டும். பள்ளிப் பல் சிகிச்சையோ 17 வயதோடு முடிந்துவிடுகிறது. ஈறு நோய் வேர் பிடிக்கும் வயதில் நம் பிள்ளைகளைக் கைவிடுகிறோம். இக்கருத்தரங்கு பேச வேண்டிய முதன்மைச் செய்தி இது என்பது என் உறுதியான எண்ணம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கான சான்று நம் மக்களின் வாயிலிருந்தே கிடைத்திருக்கிறது. நார்வே நாட்டவரான ஹரால்ட் லோ, 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் மாணவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். மூன்று வாரங்களுக்குள் எல்லாருடைய ஈறும் வீங்கியது. மீண்டும் துலக்கியதும் சில நாள்களில் ஆறியது. அதே ஆய்வாளர் 1970இல் இலங்கை மலையகம் சென்றார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான 480 தமிழ் ஆண்களின் பற்களை ஆராயத் தொடங்கி, 1985 வரை மீண்டும் மீண்டும் பரிசோதித்தார். அவர்கள் தூரிகை பிடித்ததில்லை. பல் மருத்துவரிடம் போனதுமில்லை. எல்லாருடைய ஈறும் அழற்சியோடு இருந்தது. ஆயினும் 11 விழுக்காட்டினருக்கு நோய் அழற்சியோடு நின்றது. 81 விழுக்காட்டினருக்கு மெல்ல மெல்ல எலும்பு கரைந்தது. எஞ்சிய 8 விழுக்காட்டினர் நாற்பதைத் தாண்டும்போதே பெரும்பாலான பற்களை இழந்துவிட்டார்கள்.

ஈறு நோயின் இயல்பான போக்கு என்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிப்பது இந்த 480 பேரின் வரலாற்றைத்தான். அவர்களுக்கும் நமக்கும் தாத்தாக்கள் ஒரே ஊரில் கப்பல் ஏறியிருக்கக்கூடும்; ஒரு கூட்டம் கொழும்புக்கும் ஒரு கூட்டம் பினாங்குக்கும் போனது. இங்கே ஜோகூரின் ரெங்கத்திலும் லாயாங் லாயாங்கிலும் லாபீசிலும் தோட்டத்து டிரெஸ்ஸரைத் தவிர வேறு வைத்தியம் அறியாமல் வாழ்ந்த நம் முன்னோர் வாயை எவரும் அப்படி அளந்து எழுதவில்லை. எழுதியிருந்தால் விவரம் பெரிதும் வேறுபட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஸ்கேலிங் செய்ய வேண்டுமா என்ற கேள்வி நாளை அமர்வுகளில் எழும். எழட்டும். 2018இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு, பெரிய ஈறு நோய் இல்லாமல் தவறாது மருத்துவரிடம் போய்வரும் பெரியவர்களுக்கு, வழக்கமான ஸ்கேலிங்கால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரிய வேறுபாடு இல்லை என்றது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதிலுள்ள நிபந்தனையையும் கவனிக்க வேண்டும்: அது தவறாது போய்வருபவர்களைப் பற்றியது. மாசாயிலிருந்து விடியுமுன் கிளம்பிப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்து இரவு திரும்பும் இளைஞர், அரசாங்கக் கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் எப்போது வருவார்? வலி வந்தால் வருவார். அப்போது பல்லைப் பிடுங்கத்தான் முடியும். அவரவர் ஈறின் நிலையைப் பார்த்து மூன்று மாதமோ ஓராண்டோ இடைவெளி குறிப்பதுதான் அறிவார்ந்த முறை. குறிப்பதற்கு முதலில் அவர் நாற்காலியில் உட்கார வேண்டும்.

உட்காரத் தடையாக இருப்பதில் அச்சமும் ஒன்று. 'ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும்' என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காறை ஒட்டிப் பிடித்திருந்தது. காறை போனதும் ஆட்டம் தெரிந்தது. பத்தாண்டுக்கு முன்பே வந்திருந்தால் எலும்பு தங்கியிருக்கும். இதைப் பொறுமையாக, தமிழில் எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நாம் பெரும்பாலும் ஒதுக்குவதில்லை.

நம் சமூகத்துக்குப் பல் சுத்தம் செய்யும் நாற்காலி இன்னும் இரண்டு காரணங்களால் முக்கியம். முதலாவது நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு ஈறைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்கடங்காமல் செய்கிறது. ஈறு சிகிச்சைக்குப்பின் மூன்று மாதச் சர்க்கரை அளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டாவது வாய்ப் புற்றுநோய். 1993, 1994 ஆண்டுகளில் டாக்டர் ரோஸ்னா சைனும் குழுவினரும் நாடு முழுதும் 11,697 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். புற்றுக்கு முந்திய மாற்றங்கள் இந்தியர்களிடம்தான் மிகுதி: 4 விழுக்காடு. சீனர்களிடம் 0.5 விழுக்காடு. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மென்ற தலைமுறையின் கணக்கு அது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் விசேஷங்களில் தாம்பூலத் தட்டு இன்னும் மெல்லும் பொருளாகவே சுற்றி வருகிறது. புற்றுக்கு முந்திய மாற்றம் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்திட்டாக இருக்கலாம்; அது வலிக்காது. காறை எடுக்க வந்த பாட்டியின் நாக்கை ஒதுக்கிப் பார்க்கும் மருத்துவரே அதைக் காண்பார்.

செலவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆயிரம் வெள்ளிவரை வரிக்கழிவு 2024 வரி ஆண்டிலிருந்து உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. அவருக்கு வேண்டியவை மாலை நேரக் கிளினிக்கும் குடியிருப்புக்கே வரும் நடமாடும் வண்டியும்தான். கோயில் மண்டபங்களை இதற்குத் திறந்துவிட நிர்வாகத்தினர் முன்வர வேண்டும்.

ஆய்வுக் கட்டுரை வாசிக்கவிருக்கும் அறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்தாம் படிவம் முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் தம் பல் பதிவேட்டோடு, அடுத்துப் போகவேண்டிய கிளினிக்கின் பெயரையும் தேதியையும் கையில் பெற்றுக்கொண்டே பள்ளியைவிட்டு வெளியேற வேண்டும். அதற்கு ஜோகூரில் என்ன தடை, யார் என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கருத்தரங்கு முடிவதற்குள் எழுத்தில் வடித்து மாநிலச் சுகாதாரத் துறைக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, அமர்வுகளைத் தொடங்கி வைக்கிறேன்.