பிஜித் தீவுப் பாட்டின் உட்பொருள்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சுப்பிரமணிய பாரதியார் இயற்றிய ‘பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்’ என்னும் பாட்டை நம்மில் பலர் இராகத்தோடு பாடக் கேட்டிருக்கிறோம். கேட்போர் உருகுகிறார்கள், உருகியபின் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். உருகுவதற்கு மாத்திரம் எழுந்த பாட்டன்று அது என்பது என் அபிப்பிராயம். அதில் ஒரு வழக்கு இருக்கிறது. குற்றவாளி இன்னாரென்ற தீர்ப்பும் இருக்கிறது.

1879 முதல் 1916 வரை 60,000-க்கு மேற்பட்ட இந்தியர் பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. ஒப்பந்தம் ஐந்து வருஷம். அதனை ஜனங்கள் ‘கிர்மிட்’ என்றனர். ஆணுக்கு நாட்கூலி ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். குறித்த வேலை முடியாவிடில் அதுவும் குறையும். 100 ஆடவருக்கு 40 பெண்கள் என்பது சர்க்கார் விதி. இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்துங்கள். பாட்டின் இருள் முழுவதும் இதற்குள் ஒடுங்கியிருக்கிறது. வரிசையாய்க் கட்டிய சிற்றறைகளில் ஓர் அறைக்கு மூன்று ஆடவர். அடுத்த அறையில் ஒரு குடும்பம். இடைத் தடுப்போ கூரையைத் தொடாது.

அங்கே கொலையும் தற்கொலையும் மிகுந்தன. காரணம் சொல்லப் புகுந்த தோட்டக்காரரும் உத்தியோகஸ்தரும் ‘பெண்களின் நடத்தையே’ என்றனர். குந்தி என்ற ஒரு வட இந்தியப் பெண், ஓவர்சியரிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்துப் பிழைத்தாள். அவளுடைய முறையீடு கல்கத்தாவின் ‘பாரத் மித்ரா’ பத்திரிகையில் வெளியாயிற்று. பிஜி அதிகாரிகள் அதை மறுத்ததோடு நில்லாது, அவள் ஒழுக்கத்தையே பழித்தனர்.

இனிப் பாட்டுக்கு வருவோம். இலக்கணம் கற்ற நண்பர்கள் ஓரிடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். கற்புக்கு நேர்ந்த கேட்டைப் பேசுமிடத்தில் கவி, பெண்களை வினைமுதலாக வைக்கவில்லை. கொடுமையையே வினைமுதலாக வைக்கிறார். அதிகாரிகளின் அறிக்கையைத் தலைகீழாக்கும் வாக்கியம் அது. ‘நம் மாதருடைய இழுக்கைச் சபையில் பாடலாமா?’ என்று கேட்கும் பெரியவர்கள் இவ்விடத்தை மறுமுறை படித்தருள வேண்டும். இழுக்கு யாருடையது என்று கவி சொல்லிவிட்டார்.

ஆனால் கொடுமை ஓவர்சியரோடு முடிந்ததென்று எண்ணுவது நமக்குச் சௌகரியமான பொருள். வட இந்தியாவிலிருந்து போன பெண்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு அன்றித் தனியே போனவர்கள் என்று ஆராய்ந்தோர் எழுதியிருக்கின்றனர். கணவனை இழந்து பிறந்த வீட்டிலும் இடமில்லாதவள், புருஷனால் தள்ளப்பட்டவள், பஞ்சத்தில் கைவிடப்பட்டவள் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். அவர்களைக் கப்பல்வரை தள்ளிய கை எவருடையது? பாட்டு இதனைச் சொல்லவில்லை. பாட்டைப் பாடும் ஊரார்தாம் சொல்ல வேண்டும். ஜாதிக் கட்டுப்பாடு என்ற பெயரால் ஒரு பெண்ணை ஊரைவிட்டு ஓட்டியவர்கள், அவள் அழுகையை இராகத்தோடு கேட்டு உருகுவது விந்தையே!

ஆண்ட்ரூஸ், பியர்ஸன் என்னும் இருவர் 1915-ல் நேரே சென்று கண்டு, மறு வருஷம் அறிக்கை வெளியிட்டனர். 1917-ல் ஆள் சேர்ப்பது நின்றது. 1920 ஜனவரி 1-ந் தேதி எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. அதன்பின் ‘முடிந்த கதைதானே’ என்று பாட்டை இராகத்துக்கு ஒப்புவித்துவிட்டோம்.

அழுகுரலைக் கேட்டிருப்பாய் என்று கவி காற்றை நோக்கிச் சொல்கிறார். காற்றையன்றி வேறு சாட்சியும் உண்டு. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் அதில் உண்டு. அச்சீட்டுகள் பிஜியின் தலைநகராகிய சுவாவில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் குடும்பங்களில் ‘கப்பலேறிப் போனாள்’ என்பதோடு பேச்சு நின்றுபோன பெண் யாரேனும் இருந்தால், அவள் பெயரும் கிராமமும் அறிந்தவர்கள் கூட்டம் கலைந்ததும் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கலாம். சங்கத்தின் பேரால் விண்ணப்பம் அனுப்ப நான் உடன் இருந்து எழுதுகிறேன்.