புகைக்குக் கடப்பிதழ் தேவையில்லை

பக்கத்து வீட்டுக்காரர் குப்பையை எரித்தால் நகராண்மைக் கழகத்தில் புகார் செய்யலாம். பக்கத்து நாட்டிலிருந்து புகை வந்தால் யாரிடம் போவது?

கனடாவின் டிரெயில் நகர உருக்காலையிலிருந்து கிளம்பிய கந்தகப் புகை, எல்லை தாண்டி அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. 1941-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது: தன் மண்ணிலிருந்து எழும் புகையால் அடுத்த நாட்டுக்குக் கடுமையான தீங்கு செய்ய எந்த நாட்டுக்கும் உரிமையில்லை. அனைத்துலகச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு இதுதான் அடித்தளம். 1972 ஸ்டாக்ஹோம் மாநாடும் இதையே வலியுறுத்தியது.

ஆனால் ஒன்று. கனடா சம்மதித்ததால்தான் அந்த வழக்கே நடந்தது. அனைத்துலகச் சட்டத்துக்குப் போலீஸ் கிடையாது.

நம் வட்டாரத்தையே பாருங்களேன். ஆசியான் புகைமூட்ட உடன்படிக்கை 2002-இல் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றதோ 2014-இல்! இடையில், 2013 ஜூனில், சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. மூவாரில் நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. அந்த உடன்படிக்கையில் மீறுபவருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. தகராறு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பொறுத்துப் பார்த்த சிங்கப்பூர், 2014-இல் தனிச் சட்டம் இயற்றியது. அது நாட்டைத் தொடவில்லை, நிறுவனத்தைப் பிடிக்கிறது. நாளொன்றுக்கு 1 லட்சம் வெள்ளி வரை அபராதம். தீ வெளிநாட்டில்தானே எரிந்தது என்று தப்ப முடியாது. ஆனால் எரிந்த நிலம் யாருடையது என்று நிரூபிக்க, அந்த வெளிநாட்டின் ஒத்துழைப்பைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.