சிறைத்தண்டனை மட்டும் போதுமா?

(ஆட்கடத்தலும் குடியியல் வழக்கும் பற்றி மட்டக்களப்பில் ஆற்றிய உரை)



இந்நாட்டில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டப் புத்தகத்தில் ஒழிந்தது, ஊரில் ஒழிந்ததா? இன்று விற்கப்படுபவர் தம் கைப்பணத்தையும் கொடுத்து, கடவுச்சீட்டும் கையுமாகத் தாமே விமானம் ஏறுகின்றனர். போய்ச் சேர்ந்த பின்னரே தாம் விலைபோன செய்தி அவர்களுக்குத் தெரிகிறது.

வெருகலுக்கு அப்பால் மூதூரில் பிறந்த ரிசானா நபீக்கை நாம் மறந்துவிட முடியுமா? அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டில் எழுதப்பட்டதோ 1982. பதினேழு வயதுச் சிறுமி 2005இல் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். குழந்தை ஒன்றின் மரணத்திற்குக் குற்றவாளியாக்கப்பட்டு, 2013 ஜனவரி 9இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். வறுமையும் பொய்ப்பத்திரமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கொடிய சாட்சியம் வேண்டியதில்லை. 2024இல் மியான்மாரின் மியாவடி மோசடி முகாம்களில் நம் நாட்டு இளைஞர்கள் சிறைப்பட்டதும் இதே கதையின் தொடர்ச்சிதான்.

போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் சூறையாடிய மாவட்டம் இது. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் கடன்சுமையால் வாடும் வீடுகளின் கதவைத்தான் உபமுகவர் தட்டுகிறார். அவர் ஊருக்குப் புதியவரல்லர். உறவுமுறை சொல்லி உள்ளே வருபவர். ஆகவேதான் ஏமாந்தவர் முறைப்பாடு செய்யக் கூசுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு, 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆட்கடத்தலுக்கு 2 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. வஞ்சனையால் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. ஆட்கடத்தலுக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்று உறுதி செய்தது.

நன்று. முகவர் சிறைக்குப் போகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அடகு வைத்த நகை திரும்புமா? கொடுபடாத சம்பளம் கிடைக்குமா? ஒடிந்த உடலுக்கு மருந்து யார் தருவது? சிறைத்தண்டனை அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலான கணக்கைத் தீர்க்கிறது. பாதிக்கப்பட்டவரின் கணக்கைத் தீர்ப்பது குடியியல் வழக்கு.

அவ்வழக்கின் நன்மையை எண்ணிப் பாருங்கள். குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்திற்கு அப்பால் எண்பிக்க வேண்டும். குடியியல் வழக்கில் நம் பக்கம் நிகழ்தகவு மேலோங்கினால் போதும். வழக்கை நடத்துவதா விடுவதா என்பதை அரசாங்கம் தீர்மானிப்பதில்லை, பாதிக்கப்பட்டவரே தீர்மானிக்கிறார். உரோமன் டச்சுச் சட்டம் பொருள் இழப்புக்கும் மான இழப்புக்கும் தனித்தனியே பரிகாரம் தருகிறது. ஒப்பந்த மீறலுக்கும் வழக்கிடலாம். வளைகுடாவில் இருக்கும் எசமானன் கைக்கு எட்டாவிடினும், அனுப்பிய முகவர் இங்கேதான் இருக்கிறார். அவர் தம் சொத்தை வஞ்சகமாகக் கைமாற்ற முனைந்தால், தீர்ப்புக்கு முன்னரே அதனை முடக்கிவைக்குமாறும் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று சிலர் கேட்பர். நடந்திருக்கிறது! கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவின் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல்தள நிறுவனம் ஏறத்தாழ 500 இந்தியத் தொழிலாளரை அழைத்துச் சென்றது. நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும் என்று நம்பி ஆளுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் கொடுத்துப் போனவர்கள், அடைத்த கொட்டகைகளில் நெருக்கியடித்துத் தங்க வைக்கப்பட்டனர். அதற்கும் மாதம் 1,050 டொலர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. 2008இல் அவர்கள் வேலையை உதறி வெளியேறி வழக்குத் தொடுத்தனர். 2015இல் நியூ ஓர்லியன்ஸ் நடுவர் குழு, முதல் ஐவருக்கு மட்டும் 1 கோடியே 40 இலட்சம் டொலர் நட்டஈடு விதித்தது. நிறுவனத்தோடு மும்பை முகவரும், அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவரும் பொறுப்பாளிகள் என்று தீர்க்கப்பட்டது. ஏனையோர் வழக்குகள் அதே ஆண்டில் 2 கோடி டொலருக்கு இணக்கமாயின. அங்கே 2003இல் பாதிக்கப்பட்டோருக்கென்றே தனிக் குடியியல் உரிமையைச் சட்டமாக்கியிருந்தார்கள். அந்த வாசல் திறந்திருந்தமையால் அவர்கள் உள்ளே போக முடிந்தது.

நமக்கு அத்தகைய தனி வாசல் இல்லை. பொதுச் சட்டத்தின் வழியேதான் போக வேண்டும். அதிலே ஒரு முள் உண்டு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், தீங்குக்கான நட்டஈட்டு வழக்குக்கு 2 ஆண்டுகளே தருகிறது. எழுத்து ஒப்பந்தத்திற்கு 6 ஆண்டுகள். அடிபட்டு ஊர் திரும்பிய பெண், நோயையும் கடனையும் வெட்கத்தையும் கடந்து சட்டத்தரணியின் படி ஏறுவதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடாவா? அமெரிக்கச் சட்டம் 10 ஆண்டுகள் தருகிறது. ஆட்கடத்தலுக்குத் தனிக் குடியியல் உரிமையும் பத்தாண்டுக் கால எல்லையும் வேண்டுமென்று நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். கேட்கச் செய்ய வேண்டியவர்கள் நாம்.

அதுவரை கைகட்டி இருப்பதா? ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, வங்கித் தாள், தொலைபேசிச் செய்தி எதையும் எறியாதீர்கள். கடவுச்சீட்டின் பிரதியை வீட்டில் வையுங்கள். முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உண்டா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். குற்றவியல் வழக்கு நடந்தால், 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 17ஆம் பிரிவின்கீழ் நட்டஈட்டுக் கட்டளை கோருங்கள். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. கட்டணத்திற்கு வழியில்லாதார் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு தமிழிலேயே நடப்பதால், தம் துயரைத் தம் தாய்மொழியிலேயே எடுத்துரைக்கலாம்.

அன்பர்களே! தனி ஒருத்தி வழக்கிட்டால் முகவர் மிரட்டுவார். ஒரே முகவரால் கெட்ட பத்துப் பேர் ஒன்றாய் வந்தால், அவர் சமரசம் பேச வருவார். ஆகவே கிராமந்தோறும் மாதர் சங்கங்கள் இப்பணியை மேற்கொள்ளட்டும். இளம் சட்டத்தரணிகள் மாதம் ஒரு வழக்கேனும் கட்டணமின்றி எடுக்கட்டும். திரும்பி வந்த பெண்ணை வம்பு பேசித் தலைகுனிய வைக்கும் ஊர், முகவருக்குத் துணைபோகும் ஊராகும். தலைகுனிய வேண்டியவர் அவளை விற்றவரே. அவள் நிமிர்ந்து நீதிமன்றப் படி ஏறட்டும். பக்கத்தில் நாம் நிற்போம்.