காமாலை ஊசி போட்டாச்சா?
(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எங்க பிள்ளைக்குக் காமாலை ஊசி கிளினிக்கிலேயே போட்டாச்சு" என்று நாங்கள் போகிற லயங்களில் தாய்மார் சொல்கிறார்கள். போட்டது உண்மைதான். ஆனால் 2, 4, 6 மாதங்களில் இலவசமாகப் போடுகிற ஊசியில் இருப்பது 'பி' வகைக்கான மருந்து. அது இரத்தத்தால் பரவுகிற ஈரல் நோய். தண்ணியாலும் சாப்பாட்டாலும் பரவுகிற 'ஏ' வகைக்கு ஊசி வேறு. அரசாங்க அட்டவணையில் அது இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

'ஏ' வகைக் கிருமி நோயாளியின் மலத்தில் வெளியேறுகிறது. மழைக்குக் கக்கூஸ் குழி நிரம்பி, பீலித் தண்ணியில் கலந்தால் லயமே படுத்துவிடும். 2007இல் கம்பளையில் இந்த நோய் பரவியது பலருக்கு நினைவிருக்கும். கிருமி உள்ளே போய் ஏறக்குறைய 4 வாரம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். அதற்கு 2 வாரம் முன்பிருந்தே மற்றவர்களுக்குத் தொற்றும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. பிள்ளை மடுவத்தில் விளையாடிக்கொண்டே பரப்பிவிடும். பெரியவர்களைத்தான் படுக்கையில் போடும். வாரக்கணக்கில் பேர் இல்லை என்றால் அடுப்பு எப்படி எரியும்?

அதற்காக எல்லாருக்கும் கடன் வாங்கிப் போடுங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒருமுறை 'ஏ' வந்தவருக்கு அது மறுபடி வராது. தாத்தா பாட்டிமாரில் பலருக்குச் சின்ன வயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கும். எங்கள் யோசனைப்படி, கொழும்புக்குக் கடை, ஹோட்டல் வேலைக்குப் போகிற பிள்ளைகளும், ஏற்கெனவே ஈரல் வருத்தம் உள்ளவர்களும்தான் முதலில். ஒரு வயது முடிந்தவர்களுக்குப் போடலாம். ஒரு ஊசி, 6 மாதத்துக்குப் பிறகு இன்னொன்று. வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டாலும், 2 வாரத்துக்குள் மற்றவர்களுக்குப் போட்டால் தடுக்க வாய்ப்புண்டு. மந்திரிக்கிறவர் மந்திரிக்கட்டும், கண் மஞ்சளான அன்றைக்கே டிஸ்பென்சரியில் சொல்லிவிடுங்கள். நோயாளிக்குக் கசிப்பு, சாராயம் கண்ணிலும் காட்டக்கூடாது. கேட்காமல் பனடோலும் கொடுக்க வேண்டாம்.

ஊசி போட்டவர் பீலித் தண்ணியை அப்படியே குடிக்கலாமா? கூடாது. நெருப்புக் காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் இந்த ஊசி தடுக்காது. விறகுக்குப் படுகிற பாடு எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் தேத்தண்ணிக்குக் கொதிக்கிற அடுப்பிலேயே இன்னொரு பானையும் கொதிக்கட்டும். மலைக்குப் போகிற போத்தலில் அதையே ஊற்றுங்கள். கக்கூசுக்குப் போய்வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கையையும்தான்.

அடுத்த கிளினிக் நாளுக்குப் பிள்ளையின் புத்தகத்தை எடுத்து வாங்க. எந்த ஊசி போட்டிருக்கு, எது போடவில்லை என்று சேர்ந்தே பார்ப்போம்.