நம்ம மலைக்கு ரோடு யார் கையில்?



நாட்டின் உள்கட்டமைப்பு என்றால் நாலுவழிச் சாலை, துறைமுகம் என்கிறார்கள். நமக்கு அது சாமை மூட்டையை ஜமுனாமரத்தூர் கொண்டுபோக ஒரு ரோடு. ரோடு இல்லாத ஊரில் மேலே ஏறி வர்ற வியாபாரி சொல்றதுதான் விலை. புளிக்கும் அதே கதைதான். மூட்டையை நாம தலையில் சுமந்து இறங்க மாட்டோம்னு அவருக்குத் தெரியும்.

காவலூரில் நட்சத்திரம் பார்க்க 1986-லேயே 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தாச்சு. நல்லதுதான், குறை சொல்லலை. ஆனால் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றது. பெற்ற தாய் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

காட்டு நிலம், ரோடு போட முடியாது என்பார்கள். 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவைக் காட்டுவோம். ரோடு, பள்ளிக்கூடம், குடிநீர், கரண்ட் லைன் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் நிலம் தரலாம். நாலு மீட்டர் அகல ரோடு என்றால் இரண்டரை கிலோமீட்டர் வரும்!

அடுத்த கிராம சபையில் எந்த ஊருக்கு எத்தனை தூரம், எங்கே ஓடை குறுக்கே வருதுன்னு எழுதித் தீர்மானம் போடுவோம். நகலைக் கையில் வாங்காம யாரும் எழுந்து வராதீங்க.