0.15 மில்லிமீட்டர்: பழைய கேம்பர் வேன் வீட்டு வாசல்ல பிழைச்ச கதை

என் கையில இருக்கிறது ஒரு ஃபீலர் கேஜ். விசிறி மாதிரி விரியுற மெல்லிசான இரும்புத் தகடுங்க. இதுல 0.15ன்னு பொறிச்ச தகட்டை மட்டும் தனியா எடுக்கறேன். 0.15 மில்லிமீட்டர். கல்யாணப் பத்திரிகை அட்டையோட கனத்துல பாதிகூட வராது. எனக்குப் பின்னால நிக்கிறது 1969ல வந்த ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன். இங்கிலாந்துல, ஒரு நண்பர் வீட்டு வாசல்ல நிக்குது. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆன இந்த வண்டி இன்னும் மலை ஏறி இறங்குதுன்னா, அதுக்கு இந்தத் தகடும் ஒரு காரணம். ஷெட்டுக்குக் கொண்டு போகாம, வீட்டு வாசல்லயே படுத்து வேலை பார்க்கிற பழக்கம் இந்த வண்டிக்கு எப்படி வந்துச்சுங்கிறதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். கடைசியில இந்தத் தகட்டை வச்சு வேலையும் பார்த்துடலாம்.

1947. ஜெர்மனியில வொல்ஃப்ஸ்பர்க். போர் முடிஞ்சு ரெண்டு வருஷம். குண்டு விழுந்து சேதமான ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தோட பொறுப்புல இருக்கு. அதை நடத்தினவர் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட். தொழிற்சாலைக்குள்ள சாமான் ஏத்தி இறக்க, ராணுவம் இரவல் கொடுத்த ஃபோர்க்லிஃப்ட்டுகளைத்தான் பயன்படுத்திட்டு இருந்தாங்க. அதைத் திருப்பிக் கேட்டதும் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. ஹர்ஸ்ட் என்ன பண்ணினார்னா, பீட்டில் காரோட அடிச்சட்டத்தை எடுத்து, முன்னால ஒரு பலகை மேடை, பின்னால இன்ஜின் மேல டிரைவர்னு ஒரு வண்டியைச் செய்ய வச்சார். இருக்கிறதை வச்சு ஒப்பேத்தினது. அந்தப் புத்திதான் இந்தக் கதை முழுக்க ஓடுதுன்னு நான் நினைக்கிறேன்.

அந்தப் பலகை வண்டியை ஹாலந்துல இருந்து வந்த பென் பொன் பார்த்தார். கார் இறக்குமதி பண்ற வியாபாரி. 1947 ஏப்ரல் 23ஆம் தேதி, தன் குறிப்பு நோட்டுல ஒரு படம் போட்டார். பன் ரொட்டி மாதிரி ஒரு பெட்டி. முன்னால டிரைவர், பின்னால இன்ஜின், நடுவுல 750 கிலோ சரக்கு. அவ்வளவுதான் படம். அந்தத் தாள் இப்போ ஆம்ஸ்டர்டாம்ல ரைக்ஸ் மியூசியத்துல இருக்கு. ரெம்ப்ராண்ட் ஓவியங்கள் இருக்கிற அதே மியூசியம்.

1948 ஜனவரியில ஹைன்ரிக் நோர்டாஃப் தொழிற்சாலைப் பொறுப்புக்கு வந்த பிறகு அந்தப் படத்துக்கு உயிர் வந்துச்சு. முதல் மாதிரி வண்டியை பீட்டில் அடிச்சட்டத்து மேலேயே கட்டினாங்க. பாரம் தாங்காம தொய்ஞ்சு போச்சு. அப்புறம் அடியில நீளவாக்குல கனமான இரும்புச் சட்டங்களை வச்சு, பாடியையும் சட்டத்தையும் ஒண்ணா வெல்டு பண்ணினாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, துருப் பிரச்சினை வரும்போது திரும்ப வருவோம். 1950 மார்ச் 8ல உற்பத்தி தொடங்குச்சு.

இன்ஜின் பீட்டிலோடது. 1131 சிசி, 25 குதிரைத் திறன். இன்னைக்கு நிறைய மோட்டார் பைக்குகளுக்கு இதைவிட அதிகம். ஆனா காத்துலயே ஆறுற இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, வாட்டர் பம்ப் கிடையாது, குளிர்ல உறைஞ்சு வெடிக்கத் தண்ணியும் கிடையாது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிறது நாலே நாலு இடம். வயரு, பெட்ரோல் டியூப், ஆக்சிலேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள் இதையெல்லாம் கழட்டிட்டு, அடியில ஜாக்கி வச்சு, அந்த நாலையும் எடுத்தா, இன்ஜின் பின்பக்கமா வழுக்கி வெளியே வந்துடும். ரெண்டு பேர் போதும். போருக்குப் பிந்தின ஐரோப்பாவுல ஆள், பொருள், காசு எல்லாமே தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாட்டுல பிறந்ததாலதான் இது யாரும் கை வைக்கக்கூடிய வண்டியா ஆச்சு.

சரி, சரக்கு வண்டி வீடா மாறினது எப்படி? வீடன்ப்ரூக்ங்கிற ஊர்ல வெஸ்ட்ஃபாலியான்னு ஒரு கம்பெனி. 1844ல இருந்து இருக்கு, குதிரை வண்டி செஞ்சவங்க. 1950களோட தொடக்கத்துல அவங்க 'கேம்பிங் பாக்ஸ்'னு ஒண்ணு செஞ்சாங்க. படுக்கையா விரியுற இருக்கை, அலமாரி, சமையல் அடுப்பு வைக்க இடம், எல்லாம் மரத்துல. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், மொத்தத்தையும் கழட்டி வச்சுடலாம். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் வண்டி மளிகைச் சாமான் தூக்கும். ஞாயித்துக்கிழமை பாக்ஸை ஏத்தினா குடும்பத்தோட ஏரிக்கரைக்குப் போகும். ஒரு வண்டிதான் வாங்க முடியும்ங்கிற குடும்பத்தை மனசுல வச்சு யோசிச்சிருக்காங்க.

இங்கிலாந்துலயும் அதே வேலை நடந்துச்சு. சிட்மத் ஊர்ல 1956ல இருந்து 'டெவன்' வண்டிகள், ஃபோக்ஸ்டன்ல மார்ட்டின் வால்டர் கம்பெனியோட 'டார்மொபைல்'. பக்கவாட்டுல தூக்கித் திறக்கிற கூரையும் கோடு போட்ட கேன்வாஸும் டார்மொபைலோட அடையாளம்.

இப்போ அமெரிக்கா. 1960களோட கடைசியில, செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைச்ச இந்த வேன்களை இளைஞர்கள் வாங்க ஆரம்பிச்சாங்க. வண்டி வாங்கக் காசு இருந்துச்சு, ரிப்பேர் பார்க்கக் காசு இல்ல. கம்பெனி கொடுத்த சர்வீஸ் புத்தகம் தொழில் தெரிஞ்சவனுக்கு எழுதினது. விசேஷக் கருவி எண், டார்க் அளவு, அவ்வளவுதான். ஸ்பேனரை எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியாதவன் எங்கே போவான்?

அந்த இடத்துலதான் ஜான் மியூர் வர்றார். பொறியாளர். வேலையை விட்டுட்டு நியூ மெக்சிகோ பக்கம் வந்து ஃபோக்ஸ்வாகன் ரிப்பேர் பார்த்தவர். 1969ல 'ஹவ் டு கீப் யுவர் ஃபோக்ஸ்வாகன் அலைவ்'னு புத்தகம் போட்டார். ஒண்ணுமே தெரியாதவங்களுக்குப் படிப்படியா சொல்ற புத்தகம்னு அட்டையிலயே இருக்கும். படங்கள் பீட்டர் ஆஷ்வாண்டன். ஒவ்வொரு நட்டும் எங்கே ஒளிஞ்சிருக்குன்னு கண்ணுக்கு முன்னால கொண்டு வந்து நிறுத்துற கோட்டோவியம். சுருள் கம்பியில கட்டின புத்தகம், அதனால வண்டிக்கடியில விரிச்சு வச்சா மூடிக்காது. கிரீஸ் கையோட படிக்கிறவனை நினைச்சுப் புத்தகத்தைக் கட்டியிருக்காங்க.

இருபது லட்சம் பிரதிக்கு மேல வித்த புத்தகம் அது. வித்ததைவிட அவர் எழுதின விதம்தான் எனக்குப் பெருசு. முதல்ல வண்டிகிட்ட உட்காரு, சத்தம் கேளு, மோந்து பாரு, கையால தொட்டுப் பாருன்னு தொடங்குவார். எந்த வேலைக்கு என்ன சாமான் வேணும், எந்த இடத்துல நிறுத்தி மூச்சு விடணும், எந்த இடத்துல அவசரப்பட்டா கை போயிடும்னு பக்கத்துல இருந்து சொல்ற மாதிரி இருக்கும். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புல ஒரு நல்ல மேஸ்திரி பையனுக்குச் சொல்லிக் கொடுப்பாரே, அதே தொனி. 1977ல மியூர் இறந்துட்டார். புத்தகம் அதுக்கப்புறமும் பதிப்பு மேல பதிப்பா வந்துச்சு.

இந்த வேன்கள் நம்ம பக்கமும் வந்திருக்கு. இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர் வழியா டெல்லி வரைக்கும் தரை வழியா வந்த ஐரோப்பிய இளைஞர்கள்ல பலர் இந்த வண்டியிலதான் வந்தாங்க. ஆப்கான் மலைப்பாதையில வண்டி நின்னா டீலரை எங்கே தேடறது? ஓட்டுறவனே மெக்கானிக். 1979ல ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தான்ல சோவியத் படையெடுப்பும் வந்து அந்தப் பாதையையே மூடிடுச்சு.

இப்போ வண்டிக்குப் பக்கத்துல வாங்க. வாசல்ல வச்சுப் பார்க்கிற பழைய கேம்பர்ல ரெண்டு எதிரிங்க. ஒண்ணு துரு. பாடியும் சட்டமும் ஒண்ணுன்னு சொன்னேன் இல்லையா? சட்டம் தனியா இருக்கிற வண்டியில பாடி துரு பிடிச்சா அழகு போகும், இதுல முதுகெலும்பே போகும். கதவுக்குக் கீழே இருக்கிற சில், சக்கர வளைவு, ஜாக்கி வைக்கிற இடம், முன் கண்ணாடியோட ரப்பருக்கு அடி, பேட்டரி தட்டு, இங்கெல்லாம் தண்ணி தேங்கும். வாங்கறதுக்கு முன்னால ஒரு சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி, இதோ இப்படி சில் ஓரமா இழுத்துக்கிட்டே போங்க. பிடிச்சுக்கிட்டே வருது, வருது... இங்கே பிடி விட்டுடுச்சு பாருங்க. பெயிண்ட் பளபளன்னு இருக்கு, ஆனா உள்ளே இரும்பு இல்ல, பட்டி. யாரோ ஓட்டையை மறைச்சு விட்டிருக்காங்க. துருவை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெல்டு பண்றதுதான் ஒரே வழி. வெல்டிங் பழகாதவங்க இந்த ஒரு வேலையை நல்ல டிங்கர்கிட்ட விட்டுடுங்க.

ரெண்டாவது எதிரி நெருப்பு. இதை நான் குரலை உயர்த்தியே சொல்வேன். டேங்க்ல இருந்து பம்ப்புக்கும், பம்ப்புல இருந்து கார்புரேட்டருக்கும் போற ரப்பர் டியூப் சூட்டுல காய்ஞ்சு வெடிக்கும். ஒரு சொட்டு பெட்ரோல் சூடான இன்ஜின் மேல விழுந்தா போதும். இந்த இன்ஜினோட கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை. பிடிச்சா அணைக்கிறது ரொம்பக் கஷ்டம். 2021 செப்டம்பர்ல இருந்து இங்கிலாந்து பங்க்ல சாதாரண பெட்ரோல்னாலே 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை எத்தனால் சீக்கிரமே கெடுத்துடும். அதனால எத்தனால் தாங்குற டியூப், நல்ல கிளாம்ப், சில வருஷத்துக்கு ஒருமுறை எல்லாத்தையும் மாத்தறது. இதுக்கு ஆகுற செலவு ஒரு டேங்க் பெட்ரோலைவிடக் கம்மி. பெட்ரோல் ஃபில்டரை இன்ஜின் ரூமுக்குள்ள தொங்க விட்டிருந்தா, இன்னைக்கே டேங்க் பக்கமா மாத்துங்க.

இங்கிலாந்துல 2018ல இருந்து, 40 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு, பெருசா மாத்தியமைக்காம இருந்தா, வருஷாந்திரச் சோதனை கட்டாயமில்ல. நான் இதோட உடன்படல. சட்டம் கேட்காட்டியும் வருஷம் ஒரு தடவை வேற ஒருத்தர் கண்ணுல வண்டியைக் காட்டிடுங்க. தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தேய்மானம் தெரியாது.

உதிரி பாகத்துக்குப் பஞ்சம் வராம இருந்ததுக்கு ஒரு காரணம் பிரேசில். ஜெர்மனியில 1979லேயே இந்த மாடலை நிறுத்திட்டாங்க. சாவோ பெர்னார்டோ டோ கம்போ தொழிற்சாலையில 1957ல தொடங்கின வேன் உற்பத்தி 2013 டிசம்பர் வரைக்கும் ஓடுச்சு. 2014ல இருந்து ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயம்னு சட்டம் வந்ததால நிறுத்த வேண்டி வந்துச்சு. ஆனா காத்துல ஆறுற இன்ஜின் அதுக்கு முன்னாலயே, 2005 கடைசியில, விடைபெற்றுடுச்சு.

சரி, தகட்டுக்கு வருவோம். வண்டி ராத்திரி முழுக்க நின்னு ஆறியிருக்கு. இன்ஜின் சில்லுன்னு இருக்கும்போதுதான் டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற ஸ்க்ரூவுக்கும் நடுவுல உள்ள இடைவெளியைப் பார்க்கணும், அதனாலதான் காலையிலயே வந்தேன். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழட்டி, புல்லியைச் சுத்தி, அதுல இருக்கிற வெட்டுக்குறி கிராங்க்கேஸ் ரெண்டு பாதியும் சேர்ற கோட்டுக்கு நேரா வர்ற மாதிரி நிறுத்தறேன். ரோட்டர் ஒண்ணாம் நம்பர் குறியைக் காட்டுது. அடியில படுத்து, வால்வு மூடியைப் பிடிச்சிருக்கிற கம்பியைத் திருப்புளியால கீழே தட்டறேன். ஒண்ணாவது சிலிண்டர் ஆச்சு. இப்போ புல்லியை எதிர்ப்பக்கமா அரைச்சுத்து. ரெண்டாவது. இன்னொரு அரைச்சுத்து. மூணாவது.

மூணாவதுலதான் இந்த இன்ஜினோட பலவீனம். ஆயில் கூலரை விசிறிக்கூட்டுக்குள்ளேயே வச்சிருந்தாங்க. அதனால மூணாவது சிலிண்டருக்கு வர்ற காத்து, ஆயிலோட சூட்டை வாங்கிட்டுத்தான் வரும். அங்கே எக்ஸாஸ்ட் வால்வு முதல்ல எரியும். 1971 மாடல்ல கூலரைத் தனிக் கூண்டுக்குள்ள நகர்த்திச் சரி பண்ணினாங்க. இது 1969. அதனால இங்கே கவனம் வேணும். வால்வு மூடியிருக்கிற நேரத்துலதான் அது தன் சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்குக் கொடுத்து ஆறும். இடைவெளி குறைஞ்சா வால்வு முழுசா மூடாது, ஆறாது, எரிஞ்சுடும். லூசா இருக்கிற வால்வு கடகடன்னு சத்தம் போட்டுக் கூப்பிடும். டைட்டா இருக்கிறது சத்தமே போடாது, அதுதான் ஆபத்து.

0.15 தகட்டை நுழைக்கறேன். போகல. 5,000 கிலோமீட்டருக்கு முன்னால சரியா வச்சதுதான், இப்போ இறுகியிருக்கு. 13ஆம் நம்பர் ஸ்பேனரால லாக் நட்டைத் தளர்த்தி, திருப்புளியால ஸ்க்ரூவைக் கொஞ்சம் பின்னால. இப்போ தகடு போகுது, ஆனா வெண்ணெய்க்குள்ள கத்தி போற மாதிரி லேசா பிடிச்சுக்கிட்டுப் போகுது. இந்தப் பிடிதான் வேணும். ஸ்க்ரூ அசையாம பிடிச்சுக்கிட்டே நட்டை இறுக்கறேன். இறுக்கினதும் மறுபடி ஒருமுறை தகட்டை விட்டுப் பார்க்கறேன், ஏன்னா இறுக்கும்போது இடைவெளி மாறும். அதே பிடி. இன்னும் நாலாவது சிலிண்டர் பாக்கி இருக்கு.