வைரத்துக்குள் ஒரு பாலம்

இன்னிக்கு வைரம் பத்திப் பேசப்போறோம். நகைக்கடையில் குறையில்லாத கல்லுக்குத்தான் விலை அதிகம். குவாண்டம் லேப்ல நேர்மாறு, அங்கே குறைதான் வேணும்.

வைரம்னா வரிசையாக அடுக்கிய கார்பன் அணுக்கள். அதில் ஒரு கார்பனோட இடத்தில் நைட்ரஜன் வந்து உட்கார்ந்து, பக்கத்து இடம் காலியா இருந்தா, அதுதான் என்.வி. சென்டர். அங்கே இருக்கும் எலக்ட்ரானின் ஸ்பின்னில் தகவலைச் சேமிக்கலாம், ஒளி மூலம் படிக்கலாம். ஆனா அந்த ஒளி லேசில் வெளியே வராது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4. மேற்பரப்பில் கொஞ்சம் சாய்வாக மோதினாலே உள்ளே திரும்பிடும். மோதிரக்கல் ஜொலிக்கிறதுக்கும் இது ஒரு காரணம்.

அதனால ஒளிக்கு நானோ அளவில் வழி செதுக்கணும். “அவ்வளவு கடினமான கல்லை எப்படிச் செதுக்குறது?”ன்னு கேப்பீங்க. கடினம் பிரச்சினையே இல்லை. என்ன இருந்தாலும் அது கார்பன். ஆக்சிஜன் பிளாஸ்மா பட்டா வாயுவாகப் போயிடும். 2010-ல் ஹார்வர்டில் மார்கோ லோன்சார் குழு, சுமார் 200 நானோமீட்டர் தடிமனுள்ள வைரக் கம்பிகளை இப்படித்தான் செதுக்கியது.

ஒளியைப் பக்கவாட்டில் கொண்டுபோகத்தான் கஷ்டம். அதுக்கு அந்தரத்தில் நிற்கும் பாலம் வேணும். சிலிக்கான் சிப்னா அடியில் இருக்கும் ஆக்சைடைக் கரைச்சா போதும். இங்கே வைரத்துக்கு அடியிலும் வைரம்தான்! 2012-ல் அதே குழு, கல்லின் மேல் ஒரு உலோகக் கூண்டைக் கவிழ்த்தது. அயனிகள் சாய்வாகப் பாய்ந்து, ரெண்டு பக்கமும் அடியில் குடைஞ்சன. முக்கோண வடிவில் பாலம் கிடைச்சது.

ஆனா செதுக்கிய சுவர் பக்கத்தில் இருந்தா என்.வி. சென்டரோட ஒளியின் நிறம் தடுமாறும். அதனால நைட்ரஜனுக்குப் பதில் சிலிக்கான். அது ரெண்டு காலி இடங்களுக்கு நடுவில், சமச்சீராக உட்காரும். அக்கம்பக்கத்து மின்புலம் அதை அதிகம் பாதிக்காது. 2024-ல் ஹார்வர்டில், இந்த வகைக் குறைகள் கொண்ட ரெண்டு குவாண்டம் மெமரிகளை, பாஸ்டன் பகுதியில் ஏற்கெனவே போட்டிருந்த 35 கிலோமீட்டர் ஃபைபர் வழியா பின்னிப்பிணைத்தாங்க.

இதுக்கு ஒரு விலை உண்டு. என்.வி. சென்டரோட ஸ்பின் அறை வெப்பநிலையிலேயே தாக்குப்பிடிக்கும். சிலிக்கானுக்கு ஒரு கெல்வினுக்கும் கீழே குளிர் வேணும். அதனால “அறை வெப்பநிலையில் வைரக் குவாண்டம் இன்டர்நெட்”னு ஒரு தலைப்பைப் பார்த்தா, ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: எந்தக் குறை, எத்தனை கெல்வின்?

அடுத்த எபிசோடில் பாப்போம்!